அத்தாவின் கப்ருக்கு என்ன கல் வைப்பது?

கேள்வி

ஹஜ்ரத் அவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். தாராபுரம் பக்கத்துக் கிராமத்துல இருந்து எழுதறேனுங்க. எங்க அத்தா மவுத்தாகி அஞ்சு மாசம் ஆச்சு. காங்கேயத்துல அரிசி மில்லுல முப்பது வருஷம் கணக்கு எழுதினவரு. ஐப்பசி மழையில அத்தாவை அடக்கின கப்ரு ஒரு பக்கம் உள்வாங்கிடுச்சு. அதைப் பார்த்துட்டு வந்த அண்ணன் அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லைங்க. அவரு திருப்பூர்ல பனியன் தொழில் பண்றாரு. "அத்தாவை இப்படிப் போட்டு வைக்க முடியாது"ன்னு, ஆறடிக்கு மூணடி கறுப்பு கிரானைட் வைக்க ஏற்பாடு பண்ணிட்டாரு. சுத்தி சிமெண்ட் கட்டு, தலைமாட்டுல அத்தா போட்டோவை லேசர்ல செதுக்கறது, குர்ஆன்ல இருந்து ஆயத்துல் குர்ஸி எழுதறதுன்னு பேசி முடிச்சு, அத்தா பேங்கில வெச்சிருந்த பணத்துல இருந்து பதினெட்டாயிரம் முன்பணமும் குடுத்துட்டாரு. பக்கத்துலயே அம்மாவுக்கும் சேர்த்து இடம் வளைச்சுக் கட்டணுங்கறாரு.

பள்ளிவாசல் முத்தவல்லி கூடாதுங்கறாரு. சொந்தக்காரங்கள்ல பாதிப்பேரு "தர்காவுல எல்லாம் கட்டலையா?"ன்னு கேக்கறாங்க. இன்னும் சில பேரு கல்லே வைக்கக் கூடாது, அது ஹராம்ங்கறாங்க. அம்மா கேக்கறது ஒண்ணுதான்: "பேரப்பிள்ளைக வந்தா எது உங்க தாத்தா கப்ருன்னு காட்டத் தெரியணும்." கல் வைக்கலாமா? பேர் எழுதலாமா? அம்மா மையவாடிக்குப் போய்ப் பார்க்கலாமா? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.

பதில்

வ அலைக்குமுஸ்ஸலாம் வ ரஹ்மத்துல்லாஹ். மகளே, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அண்ணன் மீது கோபமில்லாமல் எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. அண்ணன் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்ததற்குக் காரணம் உள்வாங்கிப்போன மண். கிரானைட் எல்லாம் அதற்குப் பிறகு வந்த யோசனை. ஆகவே மண்ணை முதலில் பேசிவிடுவோம்.

குழிக்குள் மய்யித்தை மக்கா இருக்கும் கிப்லாத் திசை பார்க்கத் திருப்பி வைத்து, மேலே பலகையோ கல்லோ பாவி, அதற்கு மேல்தான் மண்ணைத் தள்ளுகிறோம். பலகைக்குக் கீழே வெற்றிடம் இருக்கிறது. மேலே கிடப்பதோ வெட்டிக் கிளறிய மண். அது பழையபடி இறுகுவதற்கு ஒரு மழைக்காலமாவது வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் சரளையும் சுக்காங்கல்லும் கலந்தது, விடாமல் நாலு நாள் மழை பிடித்தால் ஒரே பக்கமாக இறங்கிவிடும். முப்பது வருஷமாக இமாமாக இருக்கிறேன். முதல் மழையில் கொஞ்சம்கூட இறங்காத புதுக் கப்ருகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது மண்ணின் சுபாவம். இதை வைத்து மய்யித்தின் நிலைமையைப் பற்றி யாராவது எதையாவது பேசினால் காதில் வாங்காதீர்கள், அண்ணனையும் வாங்க விடாதீர்கள்.

குழி வெட்டும் பாயைக் கூப்பிட்டு ஒரு நடை பார்க்கச் சொல்லுங்கள். பலகை உடைந்து திறப்பு தெரிந்தால் அவர் மேலிருந்தே மூடிவிடுவார். உள்ளே பார்க்கவோ தோண்டவோ வேண்டாம். திறப்பு இல்லை என்றால் மையவாடி மண்ணையே நாலு கூடை அள்ளிப் போட்டு, நடுவில் சற்று மேடாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் போதும். மேலே தண்ணீர் தெளித்து மண்ணை அமர்த்தலாம். களிமண்ணைக் குழைத்துப் பூசினால்கூடத் தவறில்லை. அப்படிப் பூசுவதை ஹஸன் பஸரி போன்ற முன்னோர் அனுமதித்திருக்கிறார்கள், இமாம் ஷாஃபிஈயும் அதில் குற்றமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள் என்று திர்மிதி என்ற நபிமொழி நூலிலேயே இருக்கிறது. கூடாது என்று ஹதீஸ் சொல்வது சுண்ணாம்புப் பூச்சை. நம் காலத்தில் அந்த இடத்தில் இருப்பது சிமெண்ட். அரை நாள் வேலைதான் இது. முடிந்தால் அண்ணனே வந்து தன் கையால் மண்ணை அள்ளிப் போடட்டும். அடக்கிய அன்று மூன்று பிடி மண் போட்ட அதே கைதானே. அவர் மனசு பாதி ஆறிவிடும்.

சரி, இனி கல். கல்லே ஹராம் என்று சொன்னவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். மதீனாவில் உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) என்ற ஸஹாபி மவுத்தானார்கள். மக்காவிலிருந்து ஹிஜ்ரத் வந்தவர்களில் பகீஃ மையவாடியில் முதலில் அடக்கப்பட்டவர் அவர்தான். அவருடைய முகத்தை நபி (ஸல்) அவர்கள் முத்தமிட்டபோது கண்ணீர் வழிந்தது என்று ஹதீஸில் வருகிறது. அடக்கி முடித்ததும் ஒருவரை அழைத்து ஒரு கல்லைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவரால் அதைத் தூக்க முடியவில்லை. உடனே நபியவர்கள் தாமே எழுந்துபோய், இரண்டு கைச் சட்டையையும் மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, அந்தக் கல்லைத் தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள். பார்த்தவர் சொல்கிறார்: "அவர்களுடைய கைகளின் வெண்மையை இப்போதும் பார்ப்பது போலிருக்கிறது." வைத்துவிட்டு நபியவர்கள் சொன்னது: "இதை வைத்து என் சகோதரரின் கப்ரை நான் அறிந்துகொள்வேன். என் குடும்பத்தில் இறப்பவர்களை இவர் பக்கத்தில் அடக்குவேன்." அபூதாவூத் நபிமொழி நூலில் இருக்கிறது.

இந்த ஹதீஸை அண்ணனிடம் நீங்களே படித்துக் காட்டுங்கள். நாம் மீஸான் கல் என்று சொல்கிறோமே, அதற்கு மூலம் இதுதான். அந்தக் கல்லுக்கு நபியவர்கள் சொன்ன வேலை ஒன்றே ஒன்று, அடையாளம். உங்கள் அம்மா கேட்டதும் அதையேதான். எது அத்தாவுடையது என்று தெரிய வேண்டும் என்பது நபியவர்களின் மனசிலும் இருந்த ஆசை என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். எங்கள் அத்தா கிணற்றடியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துதான் தினமும் சுபுஹுக்கு ஒளுச் செய்வார். கிணறு வெட்டியபோது வெளியே எடுத்துப் போட்ட கருங்கல் அது. ஒரு பக்கம் மட்டும் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். அவர் மவுத்தான மூன்றாம் நாள் என் தம்பி அதைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்துவிட்டான். பாதிக்கு மேல் மண்ணில் புதைத்து, வழவழப்பான பக்கம் நடைபாதையைப் பார்க்கும்படி நட்டோம். எழுத்து ஒன்றும் இல்லை. இருட்டில் போனாலும் கையால் தடவினால் எனக்கு அது எங்கள் அத்தாவின் கல் என்று தெரியும்.

அதே நபியவர்கள்தான் எதைத் தடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிம் நூலில் இருக்கிறது: கப்ருக்குச் சுண்ணாம்பு பூசுவதையும், அதன் மேல் உட்காருவதையும், அதன் மேல் கட்டுவதையும் நபி (ஸல்) தடுத்தார்கள். அண்ணன் பேசி முடித்திருக்கும் வேலையில் கட்டு இருக்கிறது, பூச்சு இருக்கிறது, கப்ரு முழுவதையும் மூடும் பலகை இருக்கிறது. இதில் நமக்குள் மத்ஹப் (சட்ட வழி) வித்தியாசம் பேச அதிகம் இடமில்லை. நீங்கள் ராவுத்தர் குடும்பமாக இருந்தால் பெரும்பாலும் ஹனஃபியாக இருப்பீர்கள். கேரளப் பக்கத்திலிருந்து கோயம்புத்தூர் வந்து தங்கியவர்கள் ஷாஃபிஈயாக இருப்பார்கள். மேட்டை நடுவில் கூம்பலாக வைப்பதா, மேலே சமமாகத் தட்டி வைப்பதா என்பதில்தான் இருவருக்கும் சின்ன வேறுபாடு. உயரம் ஒரு சாண் என்பதிலும், பொது மையவாடியில் கட்டடம் கூடாது என்பதிலும் இரு தரப்பும் ஒன்றாகவே நிற்கிறார்கள். மக்காவில் கப்ருகள் மேல் கட்டியிருந்ததை ஆட்சியாளர்கள் இடித்ததையும், அதை அங்கிருந்த சட்ட அறிஞர்கள் யாரும் குறை சொல்லாததையும் தாம் கண்டதாக இமாம் ஷாஃபிஈ எழுதியிருக்கிறார்கள்.

பெயர் எழுதுவது பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். திர்மிதியில் வரும் அறிவிப்பில் "கப்ருகளின் மேல் எழுதுவதையும்" தடுத்தார்கள் என்று கூடுதலாக ஒரு சொல் இருக்கிறது. அதனால் எழுதுவதே வேண்டாம் என்று சொல்லும் ஆலிம்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முஸ்லிம்களின் நடைமுறையில் எழுத்து மிகப் பழையது. எகிப்தில் கிடைத்த ஒரு கப்ருக் கல் கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹிஜ்ரி 31-ல், அதாவது கி.பி. 652 வாக்கில் எழுதியது. அப்துர் ரஹ்மான் இப்னு கைர் அல்-ஹஜ்ரி என்பவருடைய கப்ரு அது. பெயரை எழுதி, "இதைப் படிப்பவர் இவருக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள், ஆமீன் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து மேற்கு வரை இமாம்களின் கப்ருகளில் எழுதித்தான் இருக்கிறது என்று ஹாக்கிம் என்ற ஹதீஸ் அறிஞர் சொன்னார். ஸஹாபாக்கள் யாரும் அப்படிச் செய்யவில்லையே, பின்னால் வந்தவர்களுக்குத் தடை போய்ச் சேரவில்லை என்று தஹபீ என்ற இன்னொரு ஹதீஸ் அறிஞர் அவருக்குப் பதில் சொன்னார். இந்தப் பேச்சு ஆயிரம் வருஷமாக நடக்கிறது. ஹனஃபி சட்டத்தில் டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் (1836-ல் மவுத்) எடுத்துச் சொல்லும் நிலைப்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது: அடையாளம் அழிந்துபோகாமல் இருக்கவும், கப்ரு மிதிபடாமல் இருக்கவும் தேவை இருந்தால் எழுதலாம். தேவை இல்லாமல் எழுதக் கூடாது.

உங்கள் மையவாடியில் வரிசைக்கு நாற்பது ஐம்பது கப்ரு இருந்து, எல்லாமே ஒன்றுபோல மண்மேடாகக் கிடந்தால், அது தேவைதான். அத்தா பெயர், அவருடைய அத்தா பெயர், மவுத்தான நாள், இவ்வளவு போதும். தமிழிலேயே எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றுதானே வைக்கிறோம். ஹாஜி, ஜனாப் என்ற பட்டங்கள் வேண்டாம், கவிதை வரிகள் வேண்டாம். உங்கள் ஜமாஅத் பெயரும் எழுதக் கூடாது, எண் மட்டும்தான் என்று முடிவு செய்திருந்தால் எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் மார்க்கத்தில் இடமிருக்கிறது.

படம் செதுக்குவது கூடவே கூடாது. இதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. அலீ (ரலி) அவர்கள் அபுல் ஹய்யாஜ் என்பவரை அனுப்பும்போது, நபியவர்கள் தம்மை அனுப்பிய அதே வேலைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள்: எந்த உருவத்தையும் அழிக்காமல் விடாதே, உயர்த்திய எந்தக் கப்ரையும் சமப்படுத்தாமல் விடாதே. உருவமும் உயரமும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. அத்தாவின் போட்டோ வீட்டு ஆல்பத்தில் இருக்கட்டும்.

ஆயத்துல் குர்ஸியை எழுதச் சொன்னது அண்ணனின் அன்பு, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கல்லின் மேல் காக்கை உட்காரும், ஆடு ஏறும், மழைச்சேறு தெறிக்கும், இருபது வருஷம் கழித்து அது உடைந்து யார் காலடியிலோ கிடக்கும். அல்லாஹ்வின் வசனத்தை அந்த நிலைமையில் விடலாமா? ஆயத்துல் குர்ஸியை அண்ணன் தினமும் ஓதி அத்தாவுக்காக துஆ செய்யட்டும். அது உடையாது.

வளைத்துக் கட்டுவதைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்வேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நொய்யல் கரையோரத்தில் ஓர் ஊரில் நான் இருந்தபோது ஒரு மார்கழி மாதம் அசருக்குப் பிறகு ஜனாஸா. மவுத்தானது பத்தொன்பது வயசுப் பையன், பைக் விபத்து. குழி இரண்டடி இறங்கியதும் கடப்பாரை கல்லில் பட்ட மாதிரி திரும்பிவிட்டது. பார்த்தால், பக்கத்துக் கப்ருக்காரர்கள் போட்ட சிமெண்ட் அஸ்திவாரம் ஒன்றரை அடி இந்தப் பக்கம் வந்திருக்கிறது. அது கடைசி வரிசை, அந்தப் பக்கம் மதில் சுவர். இடம் மாற்ற வழியில்லை. நாலு பேர் மாறி மாறி உடைத்தார்கள். மய்யித் வைத்த சந்தூக்கை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்திருந்தோம். பையனுடைய அத்தா அதன் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கடப்பாரை விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவருடைய தோள் தூக்கிப் போட்டது. மஃரிப் தொழுதுவிட்டு வந்து, டார்ச் வெளிச்சத்தில்தான் அடக்கினோம். அந்த அஸ்திவாரம் போட்டவர்களும் தங்கள் அத்தாவின் மேல் உள்ள பாசத்தால்தான் போட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

மையவாடி வக்ஃப் நிலம். என்றைக்கோ ஒருவர் அல்லாஹ்வுக்காக விட்டுக்கொடுத்த காடு அது. அதில் உங்கள் அத்தாவுக்கு இருப்பது தங்கும் உரிமை, சொந்த உரிமை யாருக்கும் இல்லை. உடல் முழுக்க மண்ணோடு மண்ணாகிப் போன பிறகு அதே இடத்தில் இன்னொருவரை அடக்கலாம் என்பது சட்டம். பழைய ஊர்களில் காலங்காலமாக இந்தச் சட்டத்தினால்தான் இடம் போதுமானதாக இருக்கிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாதிரி ஊர்களில் இனி மையவாடிக்குப் புதிதாக ஒரு ஏக்கர் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அண்ணனுக்கே தெரியும், அவர் தொழில் செய்பவர், சென்ட் விலை அறிந்தவர். சிமெண்ட் போட்டுவிட்டால் அந்த ஆறடி என்றைக்கும் திரும்பி வராது. உயிரோடு இருக்கும் அம்மாவுக்கு இப்போதே இடம் வளைப்பது அதைவிடத் தப்பு. அம்மாவுக்கு முந்தி யாருக்கு அந்த இடம் தேவைப்படும் என்பதை அல்லாஹ் மட்டுமே அறிவான். இந்த விஷயத்தில் உங்கள் முத்தவல்லி தன் அமானிதத்தைக் காக்கிறார். அவரோடு சண்டை வேண்டாம்.

தர்காவைக் காட்டிக் கேட்கும் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: இறைநேசர்களின், பெரிய ஆலிம்களின் கப்ருக்கு மேல் கட்டுவது பற்றிப் பிற்காலத்து அறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. அனுமதித்தவர்கள்கூட சாதாரண முஸ்லிமுடைய கப்ருக்கு, அதுவும் பொது மையவாடியில், அதை நீட்டவில்லை. ஆகவே அந்த விவாதத்தை உங்கள் வீட்டு வாசலுக்குள் விடவே வேண்டாம். அத்தாவின் பெயரைச் சொல்லி இரண்டு ஜமாஅத் சண்டை போட இடம் கொடுக்காதீர்கள்.

உம்ராவுக்குப் போய் வந்தவர்கள் யாரையாவது விசாரித்துப் பாருங்கள். பகீஃ மையவாடியில் ஆயிரக்கணக்கான ஸஹாபாக்கள் அடங்கியிருக்கிறார்கள், மண்மேடும் எழுத்தில்லாத கல்லும்தான் கண்ணில் படும். நம் நாட்டில் டில்லி நிஜாமுத்தீனில் ஜஹானாரா பேகத்தின் கப்ரு இருக்கிறது. தாஜ்மஹால் கட்டிய ஷாஜஹானின் மகள், மும்தாஜ் பெற்ற பிள்ளை, 1681-ல் மவுத்தானார். கப்ருக்கு மேல் கூரை இல்லை, நடுவில் மண், மண்ணில் புல். சுற்றிலும் சலவைக்கல் வேலைப்பாடு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் தலைமாட்டுக் கல்லில், பச்சைப் புல்லைத் தவிர வேறெதுவும் என் கப்ரை மூட வேண்டாம், ஏழைகளின் கப்ருக்குப் போர்வையாகப் புல்லே போதும் என்ற பொருளில் பார்சீ வரி இருக்கிறது. உம்மாவுக்குக் கட்டிய மாளிகையைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பெண் கேட்டது அது.

புல் என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு கப்ருகளைக் கடக்கும்போது நபியவர்கள் பச்சைப் பேரீச்ச மட்டையை இரண்டாகக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒன்றை நட்டு, இவை காயாத வரை வேதனை இலேசாகலாம் என்று சொன்னது புகாரியில் வருகிறது. அதனால் கப்ரில் தானாக முளைத்த பச்சையைப் பிடுங்குவதை ஹனஃபி அறிஞர்கள் விரும்பவில்லை, அது அல்லாஹ்வைத் துதித்துத் தஸ்பீஹ் செய்கிறது என்று சொன்னார்கள். காய்ந்ததை எடுக்கலாம். முள்ளும் பார்த்தீனியமும் வழியை அடைத்தால் ஜமாஅத் சுத்தம் செய்வதில் தவறில்லை. ஒரு சின்ன மருதாணிச் செடி வைக்க ஆசைப்பட்டால் முத்தவல்லியைக் கேட்டுக்கொண்டு வையுங்கள். வேர் பெரிதாக ஓடும் மரம் வேண்டாம்.

இனி அந்தப் பதினெட்டாயிரம். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. அத்தா வங்கியில் வைத்திருந்த பணம், அவர் கண்மூடிய அந்த நிமிஷத்திலிருந்து வாரிசுகளுடையது. கபன் துணி, குழி, அடக்கச் செலவு அதிலிருந்து போகும். அதற்கு அடுத்து அவருடைய கடன். அப்புறம் வஸிய்யத் (உயில்) செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்டு அது. மீதியில் அம்மாவுக்கு எட்டில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்கு. கிரானைட் இந்த வரிசையில் எங்கேயும் இல்லை. அம்மாவும் நீங்களும் மற்ற வாரிசுகளும் மனசார சம்மதிக்காமல் அந்தப் பணத்தில் கல் வாங்குவது சரியில்லை. அண்ணன் இதை யோசித்திருக்க மாட்டார். யாரும் இதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

கடனைப் பற்றி நபியவர்கள் சொன்னது, முஃமினுடைய ரூஹு (ஆன்மா) அவருடைய கடன் தீரும் வரை அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது. அத்தா மில்லில் கணக்கெழுதியவர் என்கிறீர்கள். அப்படிப்பட்டவர் வீட்டிலும் ஒரு நோட்டு வைத்திருக்காமல் இருந்திருக்க மாட்டார். நீங்களும் அண்ணனும் உட்கார்ந்து அதைத் திறந்து பாருங்கள். மளிகைக் கடை பாக்கி, கைமாற்று, யாரிடமோ வாங்கிய விதைப் பணம், எதுவாக இருந்தாலும் தேடிப்போய்க் கொடுத்துவிடுங்கள். அம்மாவுக்கு நிக்காஹ்வில் பேசிய மஹர் பாக்கி இருந்தால் அதுவும் கடன்தான், முதலில் சேர வேண்டியது. நோயில் விட்டுப்போன நோன்புகள் இருந்தால் அதற்கு ஈடாகக் கொடுக்கும் ஃபித்யாவை உங்கள் ஊர் இமாமிடம் கணக்குப் போட்டுக் கேளுங்கள். அத்தாவுக்குத் தாங்காத மனசோடு இருக்கும் அண்ணனுக்கு நான் காட்டும் வேலை இதுதான். கல் தலைமாட்டில் நின்றுவிடும். இது அவரிடம் போய்ச் சேரும்.

கல் கடைக்காரரிடம் உடனே பேசுங்கள். இன்னும் அறுக்கவில்லை என்றால் ஆர்டரை மாற்றிக் கேட்கலாம்: ஒரு அடி அகலம், இரண்டடி நீளத்தில் ஒரு சின்னக் கல், முன்பக்கம் மட்டும் பெயர். பெரும்பாலானவர்கள் விஷயத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். அறுத்தாகிவிட்டது என்றால், எழுத்தோ படமோ செதுக்காத வரை அந்தப் பலகை வீணாகாது. எத்தனையோ மையவாடிகளில் மய்யித்துக் குளிப்பாட்டும் இடத்தில் வெடித்துப்போன சிமெண்ட் திண்ணைதான் இருக்கிறது. ஆறடிக்கு மூணடி கிரானைட் அதற்கு அளந்து செய்த மாதிரி இருக்கும். வாரிசுகள் எல்லோரும் சம்மதித்து அத்தாவின் பெயரில் நிய்யத் வைத்துக் கொடுத்தால், ஊரில் ஒவ்வொரு மய்யித்தும் கடைசியாகக் குளிக்கும்போது அதன் நன்மை அத்தாவுக்கு வரும் என்று ஆதரவு வைக்கலாம். மனிதன் இறந்த பிறகும் நிற்காத மூன்றில் முதலாவது ஸதக்கத்துல் ஜாரியா, தொடர்ந்து பலன் தரும் தர்மம். எழுத்துச் செதுக்கிவிட்டார்கள் என்றால் அதைத் தேய்த்து எடுத்த பிறகே அங்கே போட வேண்டும்.

கல் விலை கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. நம் நாடு கல்லுக்குப் பஞ்சமில்லாத நாடு. வீட்டு வாசலிலோ தோட்டத்திலோ அத்தா கை பட்ட ஒரு கருங்கல் இருந்தால் அதுவே நல்லது. நடும்போது பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கட்டும், சுற்றிச் சரளையைப் போட்டு இடித்து இறுக்குங்கள், சிமெண்ட் வேண்டாம். வெளியே ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் தெரிந்தால் போதும். நம் பக்கம் கிப்லா மேற்கே என்பதால் தலைமாடு வடக்கே இருக்கும், கல் அங்கே. கால்மாட்டிலும் ஒன்று வைக்கும் பழக்கம் உங்கள் ஊரில் இருந்தால் வையுங்கள், மாவர்தி போன்ற ஷாஃபிஈ அறிஞர்கள் அதைச் சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் ஒன்றே போதும்.

அம்மா போகலாமா என்று கேட்டீர்கள். அஞ்சு மாசம் ஆகிவிட்டதால் கணவனை இழந்த பெண் இருக்க வேண்டிய நாலு மாசம் பத்து நாள் இத்தா முடிந்துவிட்டது. கப்ருகளுக்குப் போகாதீர்கள் என்று தடுத்திருந்தேன், இனி போங்கள் என்று நபியவர்கள் சொன்ன அனுமதி பெண்களுக்கும் உண்டு என்பதே ஹனஃபி மத்ஹபில் சரியான சொல். ஒப்பாரியும் கூட்டமும் இல்லாமல் போக வேண்டும், அவ்வளவுதான். கப்ருகளில் இருப்பவர்களிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஆயிஷா (ரலி) கேட்டபோது, போகாதே என்று நபியவர்கள் சொல்லவில்லை, சலாமைக் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் ஜமாஅத்தில் பெண்களை உள்ளே விடும் வழக்கம் இல்லாமல் இருக்கலாம். முத்தவல்லியிடம் அண்ணனைக் கேட்கச் சொல்லுங்கள். ஆள் நடமாட்டமில்லாத காலை நேரத்தில், அண்ணன் கூட்டிப்போக, அம்மா கால் மணி நேரம் நின்று வர அனுமதி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் வாசலில் நின்று சலாம் சொல்லி துஆ செய்யட்டும், அதில் குறைவு ஒன்றும் இல்லை. எங்கே நின்றாலும், கப்ரின் மேல் உட்காருவதைவிட நெருப்புக் கங்கின் மேல் உட்காருவது மேல் என்ற ஹதீஸ் மனசில் இருக்கட்டும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது மேடுகளின் மேல் ஏறாமல் நடைபாதையில் நடக்கக் கற்றுக்கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. கல் சாயலாம், உடையலாம், ஜமாஅத் என்றைக்காவது இடத்தைச் சமப்படுத்தலாம். எங்கள் ஊரில் குழி வெட்டிய பெரியவர் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் "வேப்பமரத்துல இருந்து பதினோரு எட்டு, அங்கிருந்து வலக்கைப் பக்கம் மூணாவது" என்று நாற்பது வருஷத்துக் கப்ருகளை மனப்பாடமாகச் சொல்வார். அவர் போன பிறகு பல கப்ருகள் யாருடையது என்று தெரியாமலே போய்விட்டன. அதனால் மண் ஏற்றும் அன்று அண்ணன் ஒரு டேப் எடுத்துப் போகட்டும். வடக்கு மதிலிலிருந்து எத்தனை அடி, வாசலிலிருந்து எத்தனை அடி, எத்தனையாவது வரிசை என்று அளந்து வரட்டும். ஜமாஅத் பதிவேட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வீட்டில், அத்தாவின் அந்தக் கணக்கு நோட்டில், கடன் எல்லாம் தீர்ந்து அடித்துவிட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் நீங்கள் எழுதி வையுங்கள். அம்மாவுக்கு என் சலாம்.